ரிசர்வில் இருந்தவர்கள் எழுதுங்கள்: ரீஜனல் பைலட் வாழ்க்கை

சிகாகோ கரிகாலன்:

ஃப்ளையிங் ஸ்கூலில் எல்லாம் சொல்லித் தருகிறார்கள், ரிசர்வில் எப்படி வாழ்வது என்பதைத் தவிர. 1,500 மணி நேரம் சேர்த்து, அமெரிக்காவில் ஏதாவது ஒரு ரீஜனல் கம்பெனியில் (சின்ன ஊர்களை இணைக்கும் சிறு விமான நிறுவனம்) எம்ப்ரேயர் 175, சிஆர்ஜே என்று சின்ன ஜெட்களில் ஃபர்ஸ்ட் ஆபீசராக வலது சீட்டில் உட்காரும் நம் பிள்ளைகள் இப்போது கணிசமாக இருக்கிறார்கள். சீனியாரிட்டி பட்டியலில் அடியில் இருப்பவருக்குச் சொந்த லைன், அதாவது மாதத்துக்கு நிலையான பறக்கும் அட்டவணை, கிடைக்காது. அழைப்புக்குக் காத்திருக்கும் ரிசர்வ்தான். யாருக்காவது உடம்பு சரியில்லை என்றாலோ, இடிமழையில் ஷெட்யூல் கலைந்தாலோ, அந்த ஓட்டையை அடைக்கப் போகிறவர் அவர்தான். அனுபவம் உள்ளவர்கள் எழுதினால் புதிதாக வருகிறவர்களுக்கு உதவும்.

நானே தொடங்குகிறேன். பேஸ் (வேலை தொடங்கும் ஏர்போர்ட்) சிகாகோ ஓஹேர், ஷார்ட் கால் எனும் உடனே கிளம்ப வேண்டிய ரிசர்வ். காலை 4 மணிக்கு ரிசர்வ் ஆரம்பம், கூப்பிட்டால் இரண்டு மணி நேரத்தில் ஏர்போர்ட்டில் நிற்க வேண்டும். இஸ்திரி போட்ட யூனிஃபார்ம் கதவில் தொங்கும், பெட்டி வாசலில் இருக்கும், குளிக்கப் போனாலும் போன் கூடவே வரும். பல நாள் மதியம் வரை சத்தமே இருக்காது. தூங்கலாம்தான், ஆனால் போனை நினைத்துக்கொண்டே படுத்தால் எங்கே தூக்கம் வரும்? அப்படி ஒரு நாள் மதியம் 1 மணிக்கு அழைப்பு வந்தது. 3 மணிக்கு ரிப்போர்ட், கிராண்ட் ராபிட்ஸ் போய்த் திரும்பி, அப்புறம் டெ மாய்ன், இரவு 9:15-க்கு அங்கே பார்க்கிங். எனக்கு அது சரியாகப் படவில்லை. யோசிக்க ஐந்து நிமிடம் கேட்டு யூனியன் நண்பர் ஒருவரை அழைத்தேன். டெ மாய்ன் லெக்கை (அந்த ஒரு பயணத்தை) நீக்கச் சொல்லு என்றார். ஷெட்யூலிங்கில் மறுபேச்சு இல்லாமல் நீக்கிவிட்டார்கள். காரணத்தை விவரமாகத் தெரிந்தவர்கள் எழுதட்டும்.

டல்லஸ் கேப்டன்:

நான் எழுதுகிறேன் கரிகாலன். பார்ட் 117 என்ற அமெரிக்க அரசின் பைலட் வேலைநேர, ஓய்வு விதிகளில் புதியவர்கள் முதலில் மனப்பாடம் செய்ய வேண்டியது இதைத்தான்.

ஷார்ட் கால் ரிசர்வ் நேரம் ஒரு நாளில் 14 மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது. அழைப்பு வந்துவிட்டால் ரிசர்வும் பறக்கும் ட்யூட்டியும் சேர்த்துக் கணக்கு. ரிப்போர்ட் நேரத்துக்கும் லெக் எண்ணிக்கைக்கும் ஏற்ப அட்டவணையில் ஒரு ட்யூட்டி வரம்பு இருக்கிறது. அதோடு 4 மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும். அந்தக் கூட்டுத்தொகை, 16 மணி நேரம், இரண்டில் எது குறைவோ அதுதான் எல்லை. கடிகாரம் ஓடத் தொடங்குவது போன் அடித்தபோது அல்ல, ரிப்போர்ட் செய்தபோதும் அல்ல. ரிசர்வ் ஆரம்பித்த நிமிடத்திலிருந்து.

உங்கள் கதையில், மதியம் 3 மணி ரிப்போர்ட்டுக்கு நான்கு லெக் வரை அட்டவணை 12 மணி நேரம் தரும். 4 கூட்டினால் 16. காலை 4-லிருந்து 16 மணி நேரம் என்றால் இரவு 8. 9:15 பார்க்கிங்கைத் திட்டமிட்டுக் கொடுத்ததே தவறு. முன்கூட்டித் தெரியாத தாமதம் கிளம்பும் முன் வந்தால் 2 மணி நேரம் வரை நீட்டலாம். அதுவும் கேப்டன் ஒப்புக்கொண்டால்தான். ஷெட்யூலரின் வேலைக்கு அந்த நீட்டிப்பு உதவாது.

ஷெட்யூலிங்கில் இருப்பவர்களைத் திட்ட மாட்டேன். ஒரே இரவில் நூறு ஓட்டைகளை அடைக்கிறார்கள், மென்பொருளும் சில நேரம் கோட்டை விடும். அதனால்தான் கணக்கு உங்கள் கையில் இருக்க வேண்டும் என்கிறேன். ரிசர்வ் தொடங்கும்போதே அன்றைய எல்லை எத்தனை மணி என்று எழுதி வைத்துவிடுங்கள். களைத்துப்போன மூளையால் இரவு 7 மணிக்கு இந்தக் கூட்டல் ஓடாது.

நான் சேர்ந்த காலத்தில் நிலைமை மோசம். ஓய்வு 9 மணி நேரம், அதை 8 ஆகக் குறைக்கலாம். ஹோட்டல் வேனுக்குக் காத்திருப்பது, சாப்பாடு, குளியல், காலையில் மறுபடி வேன் எல்லாம் அந்த 8-க்குள். மிச்சம் ஐந்து மணித் தூக்கம் கிடைத்தால் பெரிய விஷயம். இப்போது 10 மணி ஓய்வு, அதில் இடையூறில்லாமல் 8 மணி தூங்க வாய்ப்பு இருக்க வேண்டும். வாரத்துக்கு ஒருமுறை தொடர்ந்து 30 மணி நேரம் எந்த வேலையும் இல்லாமல் விட வேண்டும்.

இது சும்மா வரவில்லை. 2009 பிப்ரவரி 12 இரவு, நியூவார்க்கிலிருந்து பஃபலோ போன கோல்கன் ஏர் என்ற ரீஜனல் கம்பெனியின் 3407 விமானம் விழுந்தது. விமானத்தில் 49 பேர், கீழே வீட்டில் ஒருவர், ஆக 50 உயிர். ஸ்டால் (வேகம் குறைந்து இறக்கை தாங்காமல் போவது) எச்சரிக்கைக்கு கேப்டன் தவறாக ஸ்டிக்கை இழுத்ததுதான் காரணம் என்றது விசாரணை. ஆனால் அந்த ஃபர்ஸ்ட் ஆபீசர் சியாட்டில் பக்கத்திலிருந்து இரவோடு இரவாக சரக்கு விமானங்களில் தொற்றிக்கொண்டு நியூவார்க் வந்தவர். கேப்டன் க்ரூ ரூமில் படுத்து எழுந்தவர். இருவரையும் களைப்பு பாதித்திருக்கும் என்று அறிக்கையிலேயே இருக்கிறது. இறந்தவர்களின் குடும்பத்தார் விடாமல் வாஷிங்டன் படியேறினார்கள். 2010-இல் சட்டம் வந்தது, 2013-இல் ஃபர்ஸ்ட் ஆபீசருக்கும் 1,500 மணி என்றானது, 2014 ஜனவரி 4 முதல் பார்ட் 117 நடைமுறைக்கு வந்தது. சரக்கு விமான பைலட்களை மட்டும் இதிலிருந்து விட்டுவிட்டார்கள். எனக்கு இன்றைக்கும் அதில் உடன்பாடில்லை. பெட்டி ஏற்றிப் போகிறவனுக்கும் கண் சொக்கும்.

சார்லட் சித்ரா:

கேப்டன் அண்ணா சொன்ன, வேறு ஊரிலிருந்து வேலைக்குப் பறந்து வரும் அந்தக் கம்யூட் எங்கள் வீட்டில் தினசரி விஷயம். நாங்கள் இருப்பது சார்லட், கணவருக்குப் பேஸ் நியூயார்க். குழந்தைகள் பள்ளியை விட்டு வர முடியவில்லை. அதிகாலை ரிசர்வ் என்றால் முந்தின நாளே ஏதாவது ஒரு ஃப்ளைட்டின் ஜம்ப் சீட்டில் (பைலட்களுக்கான உபரி இருக்கை) கிளம்ப வேண்டும். சீட் நிச்சயம் இல்லை. ஏர்போர்ட் கேட்டில் நின்று, "இந்த ஃப்ளைட்டும் போச்சு, அடுத்ததுக்குப் பார்க்கிறேன்" என்று மெசேஜ் வரும். அந்த நேரம் ட்யூட்டிக் கணக்கில் சேராது. ஆனால் மறுநாள் தெளிவாகப் போய் நிற்க வேண்டும்.

அங்கே தங்குவது கியூ கார்டன்ஸில் ஒரு கிராஷ் பேடில், அதாவது விமானக்காரர்கள் பகிர்ந்துகொள்ளும் வாடகைத் தங்குமிடத்தில். ஜேஎஃப்கே, லாகார்டியா இரண்டுக்கும் போக வசதி என்பதால் அந்தப் பக்கம் முழுக்க விமானக்காரர்கள்தான். நான் ஒருமுறை போய்ப் பார்த்தேன். ஒரு அறையில் அடுக்குக் கட்டில்கள், ஒவ்வொன்றுக்கும் திரைச்சீலை, ஃப்ரிட்ஜில் தட்டுக்குத் தட்டு பெயர் எழுதிய டேப். பகலிலும் யாராவது தூங்கிக்கொண்டிருப்பார்கள், அதனால் எல்லோரும் கிசுகிசுவென்றுதான் பேசுகிறார்கள்.

மனைவிமார்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அவர் ரிசர்வில் இருக்கும்போது நான் போனே பண்ணுவதில்லை. ஒவ்வொரு ரிங்குக்கும் அவர் தூக்கிப்போட்டு எழுவார். மெசேஜ் மட்டும். பதில் வரும்போது வரட்டும்.

மினியாபொலிஸ் மாறன்:

களைப்பைச் சொல்லத் தயங்குகிறவர்களுக்காக இது. அன்று எனக்கு ஏர்போர்ட் ஸ்டேண்ட்பை, ஏர்போர்ட்டிலேயே காத்திருக்கும் ரிசர்வ். (அங்கே உட்கார்ந்திருக்கும் நேரம் முழுவதும் பறக்கும் ட்யூட்டிக் கணக்கில் சேரும், இதைத் தனியாக நினைவில் வையுங்கள்.) முந்தின இரவு ஹோட்டலில் ஃபயர் அலாரம், சரியாகத் தூங்கவில்லை. பனி நீக்கும் வரிசையில் எல்லாம் தள்ளிப்போய், கடைசியில் மாலை இன்னொரு ஜோடி லெக் கொடுத்தார்கள். விதிப்படி நேரம் மிச்சம் இருந்தது. ஆனால் செக்லிஸ்ட்டில் ஒரே வரியை இரண்டாம் முறை வாசித்துக்கொண்டிருந்தேன். போன் செய்து, "நான் ஃபடீக்ட் (களைத்துவிட்டேன்), பறக்கத் தகுதியாக இல்லை" என்றேன். அந்தப் பக்கம் குரல் மாறியது. லீகலாகத்தானே இருக்கிறீர்கள் என்று இரண்டு தடவை கேட்டார்கள். அதே வாக்கியத்தைத் திரும்பச் சொன்னேன். களைத்துவிட்டேன் என்று ஒரு பைலட் சொன்ன பிறகு அவரைப் பறக்க விடக் கூடாது என்பது பார்ட் 117-லேயே இருக்கிறது. ரிப்போர்ட் எழுதிக் கொடுத்தேன், வேறு ஒன்றும் நடக்கவில்லை. அந்த நேரத்துக்குச் சம்பளம் வெட்டுவார்களா என்பது அந்தந்தக் கம்பெனி காண்ட்ராக்டைப் பொறுத்தது.

அரிசோனா இன்ஸ்ட்ரக்டர்:

வணக்கம் சார், அக்கா. எனக்கு 1,500-க்கு இன்னும் கொஞ்சம் மணி நேரம்தான் பாக்கி. ஒருமுறைகூடக் கூப்பிடாவிட்டால் சம்பளம் வராதா? லாங் கால் (நேரம் கொடுத்து முன்கூட்டியே கூப்பிடும் ரிசர்வ்) கிடைத்தால் நல்லதா?

டல்லஸ் கேப்டன்:

தம்பி, மாதத்துக்கு 75 மணி நேரச் சம்பளத்தை ஒட்டி கேரண்டி உண்டு, கூப்பிடாவிட்டாலும் வரும். 2022 கோடையில் சில ரீஜனல்கள் ஃபர்ஸ்ட் ஆபீசருக்குத் தொடக்கமே மணிக்கு 90 டாலர் என்று ஏற்றிய பிறகு அந்தக் கேரண்டியிலேயே குடும்பம் நடத்தலாம். நாங்கள் சேர்ந்தபோது அது முடியாது.

லாங் கால் கிடைத்தால் விடாதே. ட்யூட்டிக்கு முன் முழு 10 மணி நேர ஓய்வு தந்தாக வேண்டும். முன்னிரவில் தொடங்கி அதிகாலை 2 மணியைத் தாண்டிப் போகும் ட்யூட்டி என்றால் 12 மணி நேரம் முன்பே சொல்ல வேண்டும். ஊரிலேயே தூங்கிவிட்டுக் கிளம்பலாம். ஆனால் பெரும்பாலும் அதையும் சீனியர்கள் எடுத்துவிடுவார்கள். ஆஃபர் லெட்டர் வந்ததும் போனஸ் தொகையைப் பார்க்கும் முன், உன் பேஸில் ரிசர்வ் எத்தனை மாதம் நீள்கிறது என்று அங்கே இருக்கும் ஜூனியர் யாரிடமாவது கேள். வீட்டிலிருந்து காரில் போகும் தூரத்தில் பேஸ் இருந்தால், போனஸ் குறைவாக இருந்தாலும் அந்தக் கம்பெனிக்குப் போ.

சார்லட் சித்ரா:

நியூயார்க்தான் என்றால் கட்டில் விஷயம் கேட்டுக்கொள்ளுங்கள் தம்பி. ஹாட் பெட் என்றால் எது காலியோ அதில் படுக்க வேண்டும், விரிப்பு நாமே கொண்டுபோக வேண்டும். கோல்ட் பெட் உங்களுக்கே உங்களுக்கு, வாடகை கூட. ரிசர்வில் இருக்கும்வரை கோல்ட் பெட்டே எடுங்கள்.