ஊசி, முத்திரை, மார்க்கர் பேனா: அகதிகளோடு சேர்ந்து அரபுக் கலைஞர்கள் செய்த கலை – நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

தொடங்கியவர்:

ஏதென்ஸ் தேசிய சமகாலக் கலை அருங்காட்சியகத்தில் ஒரு கூடாரம் பார்த்தேன். முகாம்களில் அகதிகளுக்குக் கொடுப்பார்களே, அதே ரகம். கிட்டப் போனால் துணி முழுக்க ஊர்ப் பெயர்கள், கறுப்பு நூலில் தைத்தவை. 1948ல் அழிக்கப்பட்ட, ஆளில்லாமல் ஆக்கப்பட்ட 418 பாலஸ்தீனக் கிராமங்களின் பெயர்கள். பாலஸ்தீனக் கலைஞர் எமிலி ஜாசிர் 2001ல் செய்தது. பெயர்ப் பட்டியல் வரலாற்றாசிரியர் வலீத் காலிதி திரட்டிய விவரங்களிலிருந்து வந்தது.

ஒரு ஆள் தைத்து முடிக்கிற வேலை இல்லை. நியூயார்க்கில் தன் ஸ்டூடியோ கதவைத் திறந்து வைத்து, வருகிறவர்கள் கையில் ஊசியைக் கொடுத்துவிட்டார் ஜாசிர். மூன்று மாதத்தில் 140 பேருக்கு மேல் வந்து தைத்திருக்கிறார்கள். வக்கீல், பல் டாக்டர், வங்கியில் வேலை பார்ப்பவர், நாடகம் எழுதுபவர் என்று கலவையான கூட்டம். அந்தக் கிராமங்களைச் சேர்ந்த குடும்பத்துப் பாலஸ்தீனர்களும் இருந்தார்கள், அந்த இடிபாடுகளின் மேல் எழுந்த ஊர்களில் வளர்ந்த இஸ்ரேலியர்களும் இருந்தார்கள். இரண்டு தரப்பும் ஒரே துணியைப் பிடித்து உட்கார்ந்து என்ன பேசியிருப்பார்கள் என்றுதான் எனக்கு யோசனை ஓடியது.

தையலைப் பார்த்தாலே கை மாறியது தெரிகிறது. ஒரு பெயர் அச்சடித்தது மாதிரி இறுக்கமாக இருக்கிறது. அடுத்த பெயர் கோணலாகப் போகிறது, நூல் தளர்ந்திருக்கிறது; பள்ளிக்கூடத்தில்கூட பொத்தான் தைத்துப் பழகாத ஆளாக இருக்க வேண்டும். சில பெயர்கள் பென்சில் எழுத்தாகவே நின்றுவிட்டன. முடிக்காமலே காட்சிக்கு வைத்துவிட்டார். அது எனக்குப் பிடித்திருந்தது.

அகதி வாழ்க்கையைப் படம் வரைந்து மாட்டுவது வேறு. இந்த மாதிரி பலர் கை பட்டுச் செய்ததைப் பார்த்தவர்கள் சொல்லுங்கள். படித்ததை வேண்டாம், பார்த்ததை.

பெர்லினில் படித்தவர்:

2012 பெர்லின் பினாலேயில் (இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் கலைக் கண்காட்சி) பாலஸ்தீனக் கலைஞர் காலித் ஜர்ரார் ஒரு ரப்பர் முத்திரை வைத்திருந்தார். ஜெனினில் பிறந்தவர், அதற்கு முன் பாலஸ்தீன அதிபரின் காவல் படையில் இருந்தவர். அரசாங்க முத்திரை இல்லை, வடிவமைத்தவரும் அவரே. நடுவில் தேன்சிட்டு வகையைச் சேர்ந்த ஒரு குருவி, சுற்றிலும் 'பாலஸ்தீன நாடு' என்ற எழுத்து. முந்தைய வருடம் ராமல்லா பேருந்து நிலையத்தில் வந்திறங்கிய வெளிநாட்டவரின் பாஸ்போர்ட்டில் அடித்துக்கொடுத்தார். பெர்லினில் அவர் பிடித்த இடம் செக்பாயின்ட் சார்லி, பழைய பெர்லின் சுவரின் சோதனைச் சாவடி.

எனக்கு முன்னால் ஒரு ஜெர்மன் அம்மா சிரித்துக்கொண்டே பாஸ்போர்ட்டை நீட்டினார். குத்தி வாங்கிக்கொண்டு, மை காயட்டும் என்று ஊதினார். என் பையிலும் இந்தியப் பாஸ்போர்ட் இருந்தது. விசா புதுப்பிக்கும் நேரம். எடுக்கவே இல்லை, தள்ளி நின்று வேடிக்கை பார்த்தேன்.

அங்கே பாதிப் பேர் என்னைப் போலத்தான் நின்றார்கள். யாரால் தைரியமாக நீட்ட முடிகிறது, யாரால் முடியவில்லை என்பது ஐந்து நிமிடத்தில் புரிந்துபோயிற்று. ஜர்ரார் அந்த முத்திரையைத் தனியாகச் செய்து கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தால் நான் நின்றுகூடப் பார்த்திருக்க மாட்டேன்.

பாரிஸிலிருந்து:

நான் பார்த்தது 2024 வெனிஸ் பினாலேயில், புஷ்ரா கலீலியின் வீடியோக்கள். மொரோக்கோவில் பிறந்தவர். 2008 முதல் 2011 வரை செய்தது, எட்டுப் படங்கள். இருட்டில் எட்டுத் திரைகள் தொங்கும். ஒவ்வொன்றிலும் ஒரு வரைபடம், ஒரு கை, கையில் அழியாத மார்க்கர் பேனா. முகம் இல்லை. அந்த ஆள் கதைத்துக்கொண்டே தான் வந்த வழியைக் கோடாக இழுக்கிறார். கமரா அசையாது, வெட்டும் கிடையாது.

இதைச் சொல்லக் கேட்டால் பெரிதாகத் தெரியாது. திரைக்கு முன்னால் நின்றால் வேறு. கோடு நேராகப் போகாது. ஒரு எல்லையில் போய் முட்டும், திரும்பி வரும், அதே ஊருக்கு இரண்டாம் தரம் போகும். பேனா ஒரு இடத்தில் நிற்கும்போது மை ஊறிப் புள்ளி பெருக்கிறது. அங்கே வருடக் கணக்கில் மாட்டியிருந்தார் என்று குரல் சொல்லும். சொல்பவரிடம் அழுகை இல்லை. பேருந்து மாறிப் போனதைச் சொல்வதுபோலச் சொல்கிறார்கள். இன்னொரு திரையில் ராமல்லாக்காரர் ஒருவர் கிழக்கு ஜெருசலேமில் இருக்கும் தன் காதலியைப் பார்க்கப் போகும் வழியைப் போடுகிறார். வரைபடத்தில் அது ஒரு விரல் நீளம்கூட வராது, சோதனைச் சாவடிகளைச் சுற்றிச் சுற்றி வளைகிறது.

அப்பா 90களில் கொழும்பிலிருந்து மாஸ்கோ வழியாகப் பாரிஸ் வந்தவர். எங்கள் வீட்டில் அந்தப் பயணம் எப்போதும் துண்டு துண்டாகத்தான் வரும். கலீலி அதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்: பேனாவைக் கொடு, குறுக்கே பேசாதே. அவ்வளவுதான். கேள்விகள்கூட நமக்குக் கேட்பதில்லை.

கொலோனில் வசிப்பவர்:

எல்லோரும் கைதட்டுகிற நேரத்தில் குறுக்கே பேசுகிறேன். 2017ல் ஜெர்மனியின் காசல் நகரில் டாக்குமென்டா என்ற பெரிய கலைக் கண்காட்சி பார்க்கப் போனேன். லெபனானின் மூனிரா அல் சுல்ஹ் 2012ல் தொடங்கிய ஓவிய வரிசை அங்கே இருந்தது. சிரியாவிலிருந்து பெய்ரூட்டுக்கு வந்தவர்களோடு உட்கார்ந்து பேசிக்கொண்டே வரைந்தது, பிறகு ஐரோப்பாவில் சந்தித்தவர்களையும் சேர்த்துக்கொண்டார். வரைந்தது கோடு போட்ட மஞ்சள் தாளில். அமெரிக்க வக்கீல்கள் குறிப்பெடுக்கும் தாள். முகத்தைச் சுற்றி அவர்கள் சொன்னது அரபியில் ஓடுகிறது. விசாரணை அதிகாரி எழுதும் வகைத் தாளில் ஒரு மனிதர் சாவகாசமாகப் பேசியதை எழுதுவது நல்ல யோசனைதான், ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் சுவரில் பெரிய எழுத்தில் யார் பெயர் இருக்கிறது? கலைஞர் பெயர். உட்கார்ந்து கதை சொன்னவருக்கு ஒரு மஞ்சள் தாள். பினாலே, அருங்காட்சியகம், விற்பனை எல்லாம் ஒரு பக்கம் போகிறது, அவர் அடுத்த மாதம் வெளிநாட்டவர் அலுவலகத்தில் டோக்கன் எடுத்து நிற்கிறார். 'சேர்ந்து செய்தது' என்று தாராளமாகச் சொல்கிறோம். எவ்வளவு சேர்ந்தது?

தொடங்கியவர்:

நியாயமான கேள்வி. கூடாரத்தைப் பற்றி ஒன்று விட்டுவிட்டேன்: தைக்க வந்தவர்களின் பெயர்களை நாள்வாரியாக எழுதிய பதிவேடும் அந்தப் படைப்பின் பகுதிதான். எல்லோரும் அப்படிச் செய்வதில்லை.

கலிஃபோர்னியாவிலிருந்து:

கொலோன்காரருக்கு. ஜாசிரின் இன்னொரு வேலை சான் பிரான்சிஸ்கோ நவீனக் கலை அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது, 2001–2003ல் செய்தது. ஊருக்குப் போக முடியாத, அல்லது உள்ளேயே இருந்தும் நகர முடியாத பாலஸ்தீனர்களிடம் 'உங்களுக்காகப் பாலஸ்தீனத்தில் நான் என்ன செய்யட்டும்?' என்று கேட்டார். அவரிடம் அமெரிக்கப் பாஸ்போர்ட் இருந்தது, போய்ச் செய்துவிட்டு வந்தார். கேட்டதை அரபியிலும் ஆங்கிலத்திலும் எழுதி, பக்கத்தில் செய்ததற்கு அத்தாட்சியாகப் புகைப்படம்.

கேட்டவை எல்லாம் வீரவசனம் இல்லை. ஹைஃபாவுக்குப் போய்த் தெருவில் முதலில் பார்க்கும் பாலஸ்தீனப் பையனோடு பந்து விளையாடு என்கிறார் ஒருவர். ஜெருசலேம் தபால் நிலையத்தில் என் போன் பில்லைக் கட்டு என்கிறார் இன்னொருவர். நான் அதிக நேரம் நின்றது, ஜெருசலேமில் இருக்கும் அம்மாவின் கல்லறைக்கு அவர் பிறந்தநாளன்று பூ வைக்கச் சொன்னவரின் பலகை முன்னால். மகன் இருப்பது பெத்லகேமில். நம்ம ஊரில் ஷேர் ஆட்டோவில் போகிற தூரம், அனுமதி கிடைக்கவில்லை. ஜாசிர் போனபோது அந்தக் கல்லறைக்குப் பக்கத்தில்தான் நாஜிகளிடமிருந்து யூதர்களைக் காப்பாற்றிய ஆஸ்கர் ஷிண்ட்லரின் கல்லறை, சுற்றிலும் சுற்றுலாப் பயணிகள்.

இதில் வேலை கொடுப்பவர் அகதி, செய்து கொடுப்பவர் கலைஞர். உங்கள் கேள்விக்கு இது முழுப் பதில் ஆகாது, பாதிப் பதிலாவது ஆகும்.

தூத்துக்குடியிலிருந்து:

கொரோனாவுக்கு முன்பு சபை மூலமாகப் புனிதப் பயணம் போனோம். பெத்லகேமில் எல்லோரும் ஒலிவ மரச் சாமான் வாங்கக் கடைக்குள் நுழைந்துவிட்டார்கள். நானும் தம்பியும் டாக்சி பிடித்து தெய்ஷே முகாமுக்குப் போய்விட்டோம், கொஞ்ச தூரம்தான். 1949ல் தொடங்கிய முகாம். இப்போது மாடி மேல் மாடியாக நெருக்கமான வீடுகள், முகாம் என்றால் நாம் நினைக்கிற கூடாரம் ஒன்றுகூடக் கிடையாது.

ஒன்றைத் தவிர. அது கான்கிரீட்டில். பெத்லகேமுக்குப் பக்கத்தில் பெய்த் சாஹூர்க்காரரான கட்டடக் கலைஞர் சண்டி ஹிலால், கணவர் அலெஸ்ஸாண்ட்ரோ பெத்தி, கூடவே முகாம் இளைஞர்கள். 2012ல் முகாமுக்குள்ளேயே ஒரு படிப்பு வட்டம் தொடங்கி, அங்கே நடந்த பேச்சிலிருந்து வந்தது இது. கட்டியது 2015ல். தூரத்தில் பார்த்தால் மடிப்போடு நிற்கும் கூடாரம், தொட்டால் சில்லென்று சிமெண்டு. உள்ளே பையன்கள் போனை நோண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

எங்களைக் கூட்டிப்போனவர் சொன்ன விஷயம் இது. முதல் தலைமுறை கல் வீடு கட்டவே தயங்கியதாம். நிரந்தரமாகக் கட்டினால் ஊர் திரும்பும் உரிமையை விட்டுக்கொடுத்த மாதிரி ஆகிவிடுமோ என்ற பயம். கூடாரத்திலேயே கிடந்தால் பிள்ளைகள் எப்படி வளர்வது? வீட்டுக்கு வீடு நடந்த இந்தச் சண்டையைத்தான் சிமெண்டில் வார்த்திருக்கிறார்கள். யாருடைய படைப்பு என்று கேட்டேன். சண்டியுடையது என்று சொல்லவில்லை, 'எங்களுடையது' என்றார்.

ஸ்டாக்ஹோமிலிருந்து:

அதே சண்டி ஹிலால் சுவீடனின் வடபகுதியில் போதன் என்ற ஊரில் ஒரு வரவேற்பறை திறந்தார். அங்கே குடியேறிய சிரியத் தம்பதி தங்கள் வீட்டுக்கு சுவீடன்காரர்களை அழைத்து உபசரித்ததிலிருந்து பிறந்த யோசனை. புகலிடம் தேடி வந்தவரை எல்லோரும் விருந்தாளியாகவே வைத்திருக்கிறார்கள், அவரே வீட்டுக்காரராக இருந்து காபி ஊற்றினால் என்ன? அந்த அறையை ஸ்டாக்ஹோமில் காட்சிக்கு வைத்தபோது போனேன். காபி நன்றாக இருந்தது, ஏலக்காய் தூக்கலாக.

கொலோனில் வசிப்பவர்:

தெய்ஷே, போதன் இரண்டையும் ஏற்றுக்கொள்கிறேன். அங்கே ஆட்கள் கலைஞர் போன பிறகும் அந்த இடத்தைப் புழங்குகிறார்கள்.

அமெரிக்காவில் நண்பர் வீட்டுக்குப் போனபோது பார்த்த ஒன்றையும் சேர்க்கிறேன், எனக்கே எதிராக. டமாஸ்கஸில் பிறந்த கட்டடக் கலைஞர் முஹம்மத் ஹாஃபிஸ், 2017ல் பழைய பயணப் பெட்டிகளுக்குள் சின்னச் சின்ன அறைகள் செய்தார். கரி படிந்த சுவர், பெயர்ந்த காரை, விரல் நுனி அளவில் ஒரு நாற்காலி. ஹெட்போனை மாட்டினால் அந்த அறையை விட்டு வந்தவரின் குரல். சிரியா, ஈராக், ஆப்கானிஸ்தான், காங்கோ, சூடான் குடும்பங்கள். பேட்டி எடுத்துத் தொகுத்தவர் அஹ்மத் பத்ர், ஈராக்கிலிருந்து சிறுவனாக வந்த அகதி, பாக்தாதில் அவர் வீட்டின் மேலேயே 2006ல் குண்டு விழுந்தது. இரண்டு பேர் பெயரையும் சமமாகப் போட்டிருந்தார்கள்.

சரி, பெயர் விஷயம் தீர்ந்தது. பெட்டிக்குள் பேசும் அந்தக் குடும்பங்களுக்குக் காசு போனதா என்று யாருக்காவது தெரிந்தால் எழுதுங்கள்.