வேர்ட்பிரஸ் மெனுவில் மூன்றாம் அடுக்கு வரவில்லை: மேல்மலை, கீழ்மலை ஊர்களைக் காட்ட உதவி தேவை

பண்ணைக்காடு:

வணக்கம். பழனி மலையில் விவசாயம் செய்கிற சில குடும்பங்கள் சேர்ந்து ஒரு இணையதளம் வைத்திருக்கிறோம். பூண்டு, காபி, மிளகு, மலைவாழை எந்த ஊரில் இருக்கிறது, யாரிடம் பேச வேண்டும் என்று வாங்குகிறவர்கள் நேரடியாகப் பார்த்துக்கொள்ளத்தான் இந்த ஏற்பாடு. தளம் வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் ஓடுகிறது. தளத்தின் தோற்றத்தைத் தருகிற தீம் பழைய வகை, பிளாக் தீம் இல்லை.

மெனுவில் 'ஊர்கள்' என்று ஒன்று. அதற்குள் மேல்மலை, கீழ்மலை என்று இரண்டு. மேல்மலைக்குள் பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, கூக்கால். கீழ்மலைக்குள் பண்ணைக்காடு, தாண்டிக்குடி, பாச்சலூர், ஆடலூர். டாஷ்போர்டில் ஒவ்வொரு பெட்டியையும் வலப்பக்கம் இழுத்துச் சரியாகத்தான் வைத்திருக்கிறேன். ஊர்ப் பெயர் பெட்டிகள் இரண்டு படி உள்ளே தள்ளி நிற்கின்றன. ஆனால் தளத்தைத் திறந்தால் மேல்மலை, கீழ்மலையோடு நின்றுவிடுகிறது. ஊர்ப் பெயர் ஒன்றுகூட வரவில்லை.

கேஷை அழித்துப் பார்த்தேன். பிளகின்களை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தேன். மெனுவையே அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டேன். பூம்பாறைப் பக்கத்துக்குத் தாய்ப் பக்கமாக மேல்மலையை வைத்தும் பார்த்துவிட்டேன். இரண்டு நாளாக இதே வேலை. பூம்பாறைப் பூண்டு கேட்கிறவர்கள் ஊர்ப் பக்கம் கிடைக்காமல், முகப்பில் இருக்கிற எங்கள் கீழ்மலை எண்ணுக்கு அழைக்கிறார்கள். நான் மேல்மலை எண்ணைத் தேடிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். யாராவது வழி சொல்லுங்கள்.

பெருமாள்மலை:

தம்பி, எதையும் மாற்றுவதற்கு முன்னால் ஒரு சோதனை செய்யுங்கள். கணினியில் தளத்தைத் திறந்து, வெற்றிடத்தில் வலது கிளிக் செய்து பக்கத்தின் மூலத்தைப் பாருங்கள். அதில் 'கவுஞ்சி' என்று தேடுங்கள். ஊர்கள் பக்கத்தில் வைத்துத் தேடினால் உள்ளடக்கத்தில் இருக்கிற பெயரும் மாட்டும், அதனால் தொடர்புக்கான பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

பெயர் அங்கே இருந்தால் வேர்ட்பிரஸ் தன் வேலையைச் செய்துவிட்டது, சிஎஸ்எஸ் என்ற தோற்ற விதிகள்தான் மறைக்கின்றன. பெயரே இல்லை என்றால் தீம் அந்த அடுக்கைக் கேட்கவே இல்லை. இரண்டுக்கும் வைத்தியம் வேறு. இது தெரியாமல் பிளகினைக் கழற்றி மாட்டுவது வீண் அலைச்சல்.

பண்ணைக்காடு:

தேடிவிட்டேன் அண்ணா. மேல்மலை, கீழ்மலை இருக்கின்றன. கவுஞ்சி இல்லை, பாச்சலூரும் இல்லை.

பெருமாள்மலை:

அப்படியானால் இது 'டெப்த்' பிரச்சினை. தீமின் ஹெடர் கோப்பில் 'டபிள்யூபி_நேவ்_மெனு' என்ற ஃபங்ஷனை அழைத்திருப்பார்கள். அதற்குள் 'டெப்த்' என்று ஒரு அமைப்பு உண்டு. அதில் 2 என்று போட்டிருந்தால் இரண்டு அடுக்கு மட்டும்தான் வரும், டாஷ்போர்டில் எத்தனை அடுக்கு வைத்தாலும் சரி. 0 என்றால் எல்லா அடுக்கும் வரும். எதுவும் எழுதாமல் விட்டாலும் 0தான். உங்கள் தீமை எழுதியவர் தன் வடிவமைப்புக்கு இரண்டு போதும் என்று 2 போட்டிருப்பார்.

அந்த 2ஐ நேராகத் தீம் கோப்பிலேயே மாற்றிவிடாதீர்கள். அடுத்த அப்டேட்டில் அழிந்துபோகும். ஒரு சைல்டு தீம் (மூலத் தீமைத் தொடாமல் நம் மாற்றங்களை மட்டும் தனியாக வைக்கிற துணைத் தீம்) வைத்து, அதன் ஃபங்ஷன்ஸ் கோப்பில் 'டபிள்யூபி_நேவ்_மெனு_ஆர்க்ஸ்' என்ற ஃபில்டரை (அமைப்பை நடுவில் பிடித்து மாற்றுகிற வசதி) பயன்படுத்தி, முதன்மை மெனு இடத்துக்கு மட்டும் டெப்த்தை 3 ஆக்குங்கள். ஹெடர் கோப்பை நகல் எடுக்கிற தேவையும் இல்லை. இடத்தைச் சரிபார்க்காமல் விட்டால் ஃபுட்டர் மெனுவும் சேர்ந்து விரிந்துவிடும், கவனம். சைல்டு தீமுக்கு மாறியதும் மெனுப் பக்கத்தில் 'முதன்மை மெனு' என்ற டிக் இன்னும் இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். மெனு இடங்கள் தீம் வாரியாகச் சேமிக்கப்படுகின்றன.

அப்புறம், தாய்ப் பக்கம் வைத்ததைப் பழையபடி எடுத்துவிடுங்கள். பக்கத்துக்குத் தாய்ப் பக்கம் வைத்தால் அதன் முகவரிதான் மாறும். மெனு அடுக்குக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஏற்கெனவே வாட்ஸ்அப்பில் அனுப்பிய முகவரிகளை ஏன் மாற்ற வேண்டும்?

பண்ணைக்காடு:

வந்துவிட்டது அண்ணா! கவுஞ்சி என்ற பெயரை மெனுவில் பார்த்ததும் உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. ரொம்ப நன்றி.

இப்போது இரண்டு சிக்கல். கணினியில் மூன்றாம் அடுக்கு பக்கவாட்டில் திறக்காமல் கீழே விழுந்து, 'கீழ்மலை' என்ற வரியை மூடிவிடுகிறது. எழுத்தும் சரியில்லை: 'கீழ்மலை', 'தாண்டிக்குடி' இரண்டிலும் மேல் சுழி பாதி வெட்டுப்பட்டுத் தெரிகிறது. போனில் மெனுவில் 'ஊர்கள்' என்ற பெயருக்கு அருகில் அம்புக்குறி இருக்கிறது, தட்டினால் விரிகிறது. 'மேல்மலை' என்ற பெயருக்கு அருகில் அம்புக்குறியே இல்லை. தட்டினால் நேராக மேல்மலைப் பக்கத்துக்குப் போய்விடுகிறது. எங்கள் ஆட்கள் எல்லாரும் போனில்தான் பார்ப்பார்கள்.

ஒட்டன்சத்திரம்:

கணினிப் பக்கத்துக்கு நான் சொல்கிறேன். வேர்ட்பிரஸ் ஒவ்வொரு உள் பட்டியலுக்கும் 'சப்-மெனு' என்ற கிளாஸ் (அடையாளப் பெயர்) கொடுக்கும். சப்-மெனுவுக்குள் இருக்கும் சப்-மெனுவுக்குத் தனியாக ஒரு விதி எழுதுங்கள்: இடமிருந்து 100 விழுக்காடு, மேலிருந்து 0. அதைத் தாங்குகிற வரிக்கு பொசிஷன் ரிலேட்டிவ் இருக்க வேண்டும். அது இல்லாததால்தான் பட்டியல் தப்பான இடத்தை அளவாக எடுத்துக்கொண்டு கீழே விழுகிறது. இரண்டு பட்டியலுக்கும் நடுவில் மார்ஜின் வைக்காதீர்கள். மவுஸ் அந்த இடைவெளியைத் தாண்டுவதற்குள் பட்டியல் மூடிக்கொள்ளும். மெனுவின் வலது ஓரத்தில் இருக்கிற உருப்படி என்றால் பட்டியல் திரைக்கு வெளியே போய்விடும். அதற்கு மட்டும் இடப்பக்கம் திறக்கிற மாதிரி வையுங்கள்.

எழுத்து வெட்டுப்படுவது தமிழில் அடிக்கடி வரும். தீமில் வரி உயரத்தைப் பிக்சலில் அடக்கி, ஓவர்ஃப்ளோ ஹிடன் போட்டிருப்பார்கள். ஆங்கில எழுத்துக்கு அந்த உயரம் போதும், நம் கொம்புக்கும் சுழிக்கும் போதாது. வரி உயரத்தை 1.6 ஆக்குங்கள், ஓவர்ஃப்ளோவை எடுத்துவிடுங்கள். அது அங்கே இருந்தால் பக்கவாட்டில் திறக்கிற பட்டியலையும் சேர்த்து வெட்டிவிடும். பட்டியலுக்கு நிலையான அகலம் இருந்தால் அதைக் குறைந்தபட்ச அகலமாக மாற்றுங்கள். 'மங்களங்கொம்பு' மாதிரி நீளமான பெயர் நாளைக்கு வந்தாலும் தாங்கும்.

குன்னூர்:

தம்பி, போன் விஷயத்தை நானும் இங்கே ஒரு தேயிலை விவசாயிகள் தளத்தில் பார்த்திருக்கிறேன். பிள்ளைகள் உள்ள ஒவ்வொரு உருப்படிக்கும், எந்த அடுக்காக இருந்தாலும், வேர்ட்பிரஸ் 'மெனு-ஐட்டம்-ஹாஸ்-சில்ட்ரன்' என்ற கிளாஸைத் தானே போட்டுவிடும். அம்புக்குறியைச் சேர்ப்பது தீமின் ஜாவாஸ்கிரிப்ட். அந்தக் கோப்பைத் திறந்து, அந்தக் கிளாஸுக்கு முன்னால் '>' குறி இருக்கிறதா என்று பாருங்கள். அந்தக் குறி நேரடிப் பிள்ளைகளை மட்டும் பிடிக்கும். குறியை எடுத்தால் எல்லா அடுக்குக்கும் பொத்தான் வரும். மாற்றிய கோப்பைச் சைல்டு தீமில் வைத்து, பழையதற்குப் பதிலாக அதை ஏற்றுங்கள். பொத்தானைத் தட்டும்போது 'ஏரியா-எக்ஸ்பாண்டட்' மதிப்பும் மாறுகிறதா என்று பாருங்கள். பார்வையற்றவர்களின் திரைவாசிப்பான் பட்டியல் திறந்திருக்கிறதா என்று சொல்வது அதை வைத்துத்தான்.

மேல்மலைக்கு இணைப்பை எடுத்துவிட்டு வெறும் '#' போடச் சொல்லி யாராவது சொல்வார்கள். போடாதீர்கள். மேல்மலைப் பக்கத்திலேயே எல்லா ஊரும், விளைச்சலும், எண்ணும் இருக்கட்டும். மழை நாளில் நெட்வொர்க் ஒரு கோடுதான் நிற்கும். பட்டியல் விரியாவிட்டாலும் பெயரைத் தட்டினால் ஆள் ஊருக்குப் போய்ச் சேர வேண்டும். பெயர் ஒரு இணைப்பு, அம்புக்குறி தனிப் பொத்தான், இரண்டும் விரல் தவறாத அளவு தள்ளி. என் கருத்தில் மூன்று அடுக்குதான் எல்லை. பூம்பாறைக்குள் சமையல் பூண்டு, விதைப்பூண்டு என்று நான்காவதைச் சேர்க்காதீர்கள், அதைப் பக்கத்துக்குள்ளேயே தலைப்பாக வையுங்கள்.

இன்னொன்று: பக்க முகவரி தமிழில் இருந்தால், வாட்ஸ்அப்பில் ஒட்டும்போது பெரும்பாலும் சதவீதக் குறிகளாக நீளும். ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட், அது 9 எழுத்தாக விரியும். 'மன்னவனூர்' என்ற ஒரு பெயருக்கே 81 எழுத்து. வேர்ட்பிரஸ் அந்த இடத்துக்கு 200 எழுத்துதான் ஒதுக்கியிருக்கிறது, நீளமான தலைப்பு பாதியில் அறுந்துபோகும். தலைப்பும் மெனுப் பெயரும் தமிழில் இருக்கட்டும், புதிய பக்கங்களின் முகவரியை மட்டும் ஆங்கில எழுத்தில் கொடுங்கள்.

பண்ணைக்காடு:

அக்கா, அந்த '>' குறி அங்கேயேதான் இருந்தது. எடுத்ததும் மேல்மலை, கீழ்மலை இரண்டுக்கும் அம்புக்குறி வந்துவிட்டது. ஒட்டன்சத்திரம் அண்ணா சொன்னபடி பட்டியல் பக்கவாட்டில் திறக்கிறது, 'தாண்டிக்குடி'யின் சுழி முழுதாகத் தெரிகிறது. '#' போடவில்லை. மேல்மலைப் பக்கத்தில் ஊர்வாரியாக எண்களைப் போட்டுவிட்டேன்.

இன்று காலை எங்கள் பெரியப்பாவிடம் போனைக் கொடுத்து, மன்னவனூர் எண்ணை எடுக்கச் சொன்னேன். ஊர்கள், மேல்மலை, மன்னவனூர் என்று மூன்று தட்டில் போய்விட்டார். விரல் பெரிது என்பதால் ஒரு தடவை மட்டும் அம்புக்குறிக்குப் பதில் பெயரைத் தட்டினார். பக்கம் திறந்தது, எண் அங்கேயும் இருந்தது. பொத்தானை இன்னும் கொஞ்சம் அகலமாக்கி வைத்திருக்கிறேன்.