மறுமொழி: ‘தூய காற்றாடை’ வேண்டாமே

> அறுவை அரங்கில் ஊழியர் போடும் நெருக்கநெசவு உடைக்கு (clean air suit) தமிழில் ‘தூய காற்றாடை’ எனலாமா? நோயாளியின் கிருமி நம்மேல் படாமல் காப்பதுதானே?

ஐயா, வணக்கம். வாய்விட்டுச் சொன்னால் ‘காற்றாடி’ என்றே காதில் விழுகிறது. டர்பனில் எங்கள் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புப் பிள்ளைகளிடம் சொன்னால் சிரித்துவிடுவார்கள்.

அதைவிட, இந்த உடை காப்பது நம்மை அல்ல, நம்மிடமிருந்து நோயாளியை. நடந்தாலும் கையசைத்தாலும் நம் தோலிலிருந்து கண்ணுக்குத் தெரியாத செதில்கள் உதிர்கின்றன. அவற்றில் ஒரு பகுதி பாக்டீரியாவைச் சுமந்துகொண்டு காற்றில் மிதந்து, திறந்த காயத்திலோ கருவித் தட்டிலோ இறங்கும். தியேட்டரில் (அறுவை அரங்கில்) நாங்கள் போடும் சாதாரணப் பருத்திச் சட்டையின் இழைகளுக்கு நடுவே 80 முதல் 100 மைக்ரோமீட்டர் வரை இடைவெளி உண்டு. செதில்கள் அதைவிடச் சின்னவை, தடையில்லாமல் வெளியேறும். துவைத்துத் துவைத்து நைந்த துணியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். நெருக்கமாக நெய்த துணியில்கூடக் கணுக்கால் திறந்திருந்தால் பயனில்லை. ஒவ்வோர் அடிக்கும் கால்சட்டை உள்காற்றைக் கீழே தள்ளும். அதனால்தான் கையிலும் காலிலும் இறுக்குப்பட்டை.

ஆகவே என் பரிந்துரை: செதில்தடை உடை.

1960களில் இங்கிலாந்தின் ரைட்டிங்டனில் இடுப்பு மூட்டு மாற்றிய ஜான் சார்ன்லி, உடைக்குள் இருக்கும் காற்றையே குழாய் வைத்து இழுத்தார். அது வேறு வகை, உறிஞ்சுடை எனலாம்.

இன்னொன்றுக்கும் பெயர் வேண்டும். ஓர் ஆள் ஒரு நொடிக்கு எத்தனை கிருமித்துகள் காற்றில் விடுகிறார் என்ற அளவு. அறைக் காற்றில் உள்ள எண்ணிக்கையைக் காற்றோட்டத்தால் பெருக்கி, உள்ளே நிற்பவர்களின் தொகையால் வகுத்தால் வரும். உடைகளை ஒப்பிட இதுதான் அளவுகோல். உதிர்வீதம்?

— தியேட்டர் சிஸ்டர், டர்பன்

---

தங்கச்சி, ‘செதில்தடை’ பிடித்திருக்கிறது. ‘உதிர்வீதம்’ மட்டும் முடி கொட்டுவதற்குச் சொல்வதுபோல் இருக்கிறது. கிருமியுதிர் வீதம் என்று நீட்டினால் குழப்பம் இராது.

காற்றில் உள்ள கிருமித்துகள்களை எண்ண, வளர்ப்புத் தட்டில் அவை ஒவ்வொன்றும் பெருகி உண்டாக்கும் பாக்டீரியாக் கூட்டத்தைக் ‘காலனி’ என்கிறார்களே, அதற்குத் தமிழ் தேடிப் பார்த்தேன், ஒன்றும் ஒட்டவில்லை. தென்னாப்பிரிக்காவில் பிரிட்டிஷார் ஆண்ட நேட்டால் காலனிக்குக் கரும்பு வெட்டக் கப்பலேறி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். தட்டில் வளரும் பாக்டீரியாவுக்கும் அதே பெயரா என்று ஒரு சங்கடம். இருந்தாலும் அறுவை அரங்கின் மிகத்தூய காற்றுக்கான வரம்பை, கன மீட்டருக்கு 10 காலனிக்குக் கீழ், என்று எழுதினால் மருத்துவ மாணவருக்கு உடனே புரியும். அப்படியே விட்டுவிடலாம்.

— பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து