முன்னாள் தலைவர்கள் தூது போய்ச் சிறையில் இருக்கும் ஊடகவியலாளரை மீட்பது: உங்களுக்குப் பட்டதை எழுதுங்கள்

கல்லடிப் பாலத்தடி

கிளின்டன் வடகொரியாவின் பியொங்யாங் போய், அங்கே சிறையில் இருந்த அந்த இரண்டு அமெரிக்கப் பெண் ஊடகவியலாளர்களையும் கூட்டி வந்த கதை எல்லோருக்கும் தெரியும். அதை விரித்து எழுதவில்லை. 2009 ஆகஸ்ட் 5, பின்னேரம் மங்குகிற நேரம். லோரா லிங்கும் யூனா லீயும் விமானப் படியால் இறங்கி வருவதைக் கல்லடியில் ஒரு கொமினிகேசன் கடைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் என் சிநேகிதனின் அம்மா. கையில் சொப்பிங் பேக், அதற்குள் அவவின் இளைய மகனின் பாஸ்போர்ட் பிரதி.

அவன் வளைகுடா நாடு ஒன்றில் சின்னத் தொலைக்காட்சி நிறுவனம் ஒன்றுக்குக் கமெரா பிடித்தவன். தொழிலாளர் தங்கும் இடத்தைப் படம் எடுக்கப் போய்ப் பிடிபட்டு அப்போது பதினொரு கிழமை. ஒரு தகவலும் இல்லை.

மாமி அந்தப் பெண்களைப் பார்க்கவில்லை. பின்னால் இறங்கி வந்த நரைத்த தலைக்காரரையே பார்த்தா. "இவர் இப்ப என்ன உத்தியோகம் பாக்கிறார் மனே?"

"ஒண்டும் இல்ல மாமி. முந்தி ஜனாதிபதியா இருந்தவர்."

"அப்ப நமக்கும் முந்தி இருந்த ஆக்கள் இருக்கிறாங்கதானே. காலையில போவம்."

அப்படித்தான் முன்னாள் பாராளுமன்ற உறுப்பினர் ஒருவரின் வீட்டுக்குப் போனோம். அந்த நாட்டில் ஓய்வுபெற்ற பெரிய அதிகாரி ஒருவரை அவருக்குப் பழைய மாநாடு ஒன்றில் பழக்கம். நல்ல மனிதர், அவரில் குறை இல்லை. சீ.ஆர். கொப்பியைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார்: "பிள்ளைக்கு அங்க என்ன வேலை?"

மாமி என்னைப் பார்த்தா. அந்த நாட்களை நினைத்துப் பாருங்கள். வாகரைச் சனங்களைப் பற்றி எழுதியதற்காகத் ஊடகவியலாளர் திசைநாயகம் 2008 மார்ச்சிலிருந்து உள்ளே இருந்தார். பத்திரிகை என்ற சொல்லையே மெதுவாகச் சொன்ன காலம். நான் சொன்னேன்: "கூலி வேலை ஐயா. கொம்பனி மாறி வேலை செய்ததாலதான் பிடிச்சிருக்காங்க." அவர் நீலப் பேனையால் 'கூலித் தொழிலாளி' என்று எழுதி, அடியில் ஒரு கோடும் போட்டார்.

டிசம்பரில் பெடியன் வந்துவிட்டான். ஆனால் அவனோடு அதே வான் வண்டியில் பிடிபட்ட நேபாளப் பொடியன் ஒருவன் இருந்தான். இவன் கூலிக்காரன் என்று ஆனபோது, படம் எடுத்தவன் அந்த நேபாளி மட்டும் என்று ஆகிப்போனது. அவனுக்காக ஒரு முன்னாளும் போகவில்லை. அந்தக் கோடு இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது.


பழைய வான் சாரதி, வாழைச்சேனை

அண்ணன், உங்கட கதையில் அந்த நேபாளிதான் எனக்குப் படுகிறார். ஏனென்றால் நான் அந்தப் பக்கம் நின்றவன்.

2006 கடைசியில் வெள்ளைக்கார நிருபர் ஒருவரை வானில் கொண்டு போனேன். ஒரு சோதனைச் சாவடியில் இரண்டு பேரையும் இறக்கினார்கள். அவர் தன் நாட்டு ஓய்வுபெற்ற தூதர் ஒருவருக்குக் கோல் எடுத்தார். பதவியில் இருக்கிற தூதருக்கு இல்லை, ஓய்வுபெற்றவருக்கு. ஒரு மணித்தியாலத்தில் அவரைப் போகச் சொல்லிவிட்டார்கள். என்னைச் சொல்லவில்லை. என் லைசன்ஸ் மேசையில் கிடந்தது. அதன் மேல் யாரோ தேத்தண்ணிக் கோப்பையை வைத்து வட்டமாக ஒரு ஈர அடையாளம்.

மனிசன் போகவில்லை. வெளியில் ஆலமரத்தடியில் இருட்டும் வரைக்கும் இருந்தார். இரவு எட்டு மணிக்கு என்னையும் விட்டார்கள். வானில் ஏறி வாழைச்சேனை வரும் வரைக்கும் இருவரும் ஒரு சொல் கதைக்கவில்லை.

அதே வருசம் சூடானில் போல் சலோபெக் என்ற அமெரிக்க நிருபர் பிடிபட்டார், தார்பூரில். நியூ மெக்சிகோ ஆளுநர் பில் ரிச்சர்ட்சன் கார்டூம் போய் ஜனாதிபதி பஷீரோடு கதைத்து மீட்டார். அந்தச் செய்தியை நான் பிறகுதான் வாசித்தேன். அதில் நான் தேடிப் பார்த்தது ஒன்றே ஒன்றுதான்: கூட இருந்த சாட் நாட்டுச் சாரதிக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் என்ன நடந்தது? அவர்களும் விடப்பட்டார்கள் என்று இருந்தது. அதை வாசித்தபோது வீட்டில் தனியாக இருந்து அழுதேன்.


அமிர்தகழி வாத்தியார்

கல்லடித் தம்பிக்கு ஒன்று சொல்ல வேண்டும். கிளின்டன் கதையையும் உங்கள் கதையையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். வெள்ளை மாளிகை அதைத் தனிப்பட்ட பயணம் என்றுதான் சொன்னது, சரி. ஆனால் ஒபாமா அரசாங்கத்துக்குத் தெரியாமல் அவர் விமானம் ஏறவில்லை. அந்தப் பெண்கள் வேலை செய்த கரன்ட் தொலைக்காட்சி அல் கோர் சேர்ந்து தொடங்கியது. கோர், கிளின்டனின் துணை ஜனாதிபதியாக இருந்தவர். கிளின்டன் வரவேண்டும் என்று கேட்டதே வடகொரியாதான். மார்ச் 17 பிடித்து, யூனில் பன்னிரண்டு வருடக் கடூழியம் என்று தீர்ப்பெழுதிவிட்டு, ஆகஸ்டில் ஒரு மாஜி ஜனாதிபதியைத் தன் வீட்டுக்கு வரவழைத்தார்கள். விலை அதுதான். ஒரு படம்.

அந்தப் படத்தை நான் உயர்தர அரசறிவியல் வகுப்பில் காட்டினேன். பின்சுவரில் பெரிய கடலலை ஓவியம், முன்னால் வடகொரியத் தலைவர் கிம் ஜொங் இல், பக்கத்தில் கிளின்டன். பின்வாங்கில் இருந்த பிள்ளை ஒன்று கேட்டது: "சேர், வந்த காரியம் நடந்துட்டுதானே, ஏன் இவர் சிரிக்கல்ல?" எனக்கு உடனே பதில் வரவில்லை. பாட மணி அடித்துவிட்டது. அடுத்த நாள் அந்தப் பிள்ளை வரவில்லை, பிறகு நானும் அதைத் திரும்ப எடுக்கவில்லை.

இப்போது கேட்டால் சொல்வேன்: சிரித்தால் அது விருந்து, சிரிக்காவிட்டால் அது தூது. அவர் கையில் அரசாங்கம் இல்லை, முகம் மட்டும்தான் இருந்தது. அதைக்கூடக் கணக்காகத்தான் கொடுத்தார்.

இன்னொரு இடத்தில் ஒருவர் இன்னொரு மாஜி ஜனாதிபதி கார்ட்டரும் ஊடகவியலாளரைத்தான் மீட்டார் என்று எழுதியிருந்தார். பிழை. 2010 ஆகஸ்டில் கார்ட்டர் கூட்டி வந்த கோம்ஸ், தென்கொரியாவில் ஆங்கிலம் படிப்பித்த ஆள். 1994இல் கார்ட்டர் போனது கிம் இல் சுங்கிடம், அணு விவகாரத்துக்கு. இதைப் போட்டுக் குழப்பக் கூடாது.

தம்பி சொன்ன பொய்யைப் பற்றி: நான் உங்கள் இடத்தில் இருந்திருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேன். ஊடகவியலாளர் என்று சொன்னால்தான் உலகம் கேட்கும்.


செங்கலடி அன்ரி

வாத்தியார், நீங்கள் அந்த இடத்தில் இருக்கவில்லை. அதோடு விடுகிறேன்.

என் கதை சின்னது. நான் முந்தி ஒரு உதவி நிறுவனத்தில் மொழிபெயர்ப்பாளர். கட்டாரில் பிடிபட்ட ஒருவரின் மனைவி வந்து மேசைக்கு முன்னால் இருந்தா. கைக்குட்டையை நாலாக மடித்து, விரித்து, திரும்ப மடித்துக்கொண்டு. ஆரிட்டப் போறது என்று கேட்டா. எனக்குத் தெரியவில்லை. அன்றைக்குத் தெரியாததை இன்றைக்கு எழுதுகிறேன், யாருக்காவது உதவும்.

முதலில் பெரிய மனிசரிடம் ஓடாதீர்கள். கொழும்பில் வெளிநாட்டு அமைச்சின் கொன்சியூலர் பிரிவுக்கு எழுத்தில் கொடுங்கள், கொடுத்ததற்கு ஒரு பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். வாயால் சொன்னது சொன்னதாகாது. பிடிபட்டவர் தன் நாட்டுத் தூதரகத்துக்கு அறிவிக்கச் சொல்லிக் கேட்கலாம், தூதரக ஆட்கள் அவரைச் சிறையில் போய்ப் பார்க்கலாம். 1963 வியன்னா கொன்சியூலர் உடன்படிக்கையின் 36ஆம் உறுப்புரை அது. கடிதத்தில் அந்த எண்ணைப் போடுங்கள். எண்ணைக் கண்டால் கிளாக்கர்மாரும் ஒருமுறை நிமிர்ந்து பார்ப்பார்கள்.

பாஸ்போர்ட் பிரதி, அடையாள அட்டை, வேலை ஒப்பந்தம், வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்த துண்டு, கடைசியாகப் பேசிய நாளும் நேரமும். எல்லாம் ஒரு கோப்பில், இரண்டு பிரதி, ஒன்று வேறு வீட்டில். உயிரோடு இருக்கிறாரா என்றே தெரியாவிட்டால் செஞ்சிலுவைக்காரரிடம் கேளுங்கள். அவர்களுக்குச் சிறைகளுக்குள் கடிதம் கொண்டு போகிற வழி இருக்கிறது, எல்லா நாட்டிலும் இல்லை. ஆள் செய்தி வேலை செய்தவரென்றால் நியூயோர்க்கில் ஊடகவியலாளர் பாதுகாப்புக் குழு, பாரிசில் எல்லைகளற்ற செய்தியாளர்கள் அமைப்பு. ஐநாவில் தன்னிச்சையான தடுப்புக்காவல் பற்றிய செயற்குழு ஒன்று இருக்கிறது. அதற்குக் குடும்பத்தாரே எழுதலாம், வக்கீல் கட்டாயம் இல்லை.

முகப்புத்தகத்தில் போடுவதா வேண்டாமா என்பதைக் கடைசியில் முடிவெடுங்கள். சத்தம் போட்டால் சில இடத்தில் கதவு திறக்கும், சில இடத்தில் பூட்டு இறுகும். அந்த நாட்டில் இருந்து வந்தவர்களிடம் கேட்காமல் தொடாதீர்கள். அப்புறம், "நான் பேசி எடுத்துத் தாறன், ஒரு லட்சம் போடுங்கோ" என்று வருகிறவனுக்கு ஒரு சதம் கொடுக்காதீர்கள். உண்மையில் தூது போகிறவன் தாயிடம் காசு கேட்க மாட்டான்.

முன்னாள் ஆட்களிடம் போவது இதெல்லாம் ஓடிக்கொண்டிருக்கும்போதுதான். அரசாங்கம் வாயைத் திறந்தால் அது மற்ற அரசாங்கத்துக்கு முன் இறங்கிப் போனதாக ஆகிவிடும். முன்னாளுக்கு அந்தச் சுமை இல்லை. அப்போது முன்னாள் ஆளுநராகிவிட்ட ரிச்சர்ட்சன் 2021 நவம்பரில் மியன்மார் போனபோது அங்கே சிறையில் இருந்த அமெரிக்க ஊடகவியலாளர் டானி ஃபென்ஸ்டரைப் பற்றிக் கேட்கவே வேண்டாம் என்று அவருடைய நாட்டு வெளியுறவுத் திணைக்களமே சொல்லி அனுப்பியது. அவர் தடுப்பூசி, நிவாரணம் என்று கதைத்துவிட்டு வந்தார். 12ஆம் திகதி ஃபென்ஸ்டருக்குப் பதினொரு வருடச் சிறை. 15ஆம் திகதி ரிச்சர்ட்சன் திரும்பப் போய்க் கையோடு கூட்டி வந்தார். அந்த மூன்று நாளும் அந்தத் தாய் தகப்பன் எப்படி இருந்திருப்பார்கள்? நான் அடிக்கடி நினைப்பதுண்டு.


அக்கரைப்பற்று காக்கா

அன்ரி எழுதியது எல்லாம் சரி. நான் உள்ளே இருந்தவன், அதனால் உள்ளே நடந்ததைச் சொல்கிறேன்.

விசா முடிந்ததற்குப் பிடித்து நாடு கடத்தும் முகாமில் போட்டார்கள். நாடு எது என்று எழுதவில்லை, சொந்தக்காரர் அங்கே இன்னும் வேலை செய்கிறார்கள். எங்கள் அறையில் வெளிநாட்டு நிருபர் ஒருவர். ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பிறகு கோட் போட்ட வயதானவர் ஒருவர் வந்தார். முந்தி எங்கேயோ மந்திரியாக இருந்தவர் என்று பிறகு காவல்காரன் சொன்னான். நிருபரின் பெயரைக் கூப்பிட்டார்கள்.

அந்த மனிசன் எழும்பிப் போகவில்லை. சிகரட் பெட்டியைப் பிரித்து, உள்பக்க வெள்ளையில் எங்கள் எல்லோரின் பெயரையும் கேட்டுக் கேட்டு எழுதினார். வாசலில் அவசரப்படுத்துகிறார்கள். பதினாலு பேர். என் பெயரைப் பிழையாக எழுதினார், நான் திருத்தினேன். வீட்டு நம்பரையும் சொன்னேன். பெட்டியைச் சப்பாத்துக்குள் வைத்துக்கொண்டு போனார். போர்வையை ஒரு வங்காளிப் பொடியனுக்குக் கொடுத்துவிட்டு.

நான் ஊர் வந்தது ஏழு மாதம் கழித்து. உம்மாதான் சொன்னா: இடையில் ஒரு நாள் வெளிநாட்டில் இருந்து கோல் வந்ததாம். இங்கிலீசில் ஒரு ஆள் என் பெயரைச் சரியாகச் சொன்னாராம். வாப்பா காசு பிடுங்குகிற கூட்டம் என்று நினைத்து வைத்துவிட்டார். அன்ரி சொன்ன அந்தப் பயம்தான். வாப்பாவைக் குறை சொல்ல முடியுமா? ஆனால் வந்த நம்பரை டயறியில் எழுதி வைத்திருந்தார். பல வருடம் கழித்து அடித்துப் பார்த்தேன். பாவனையில் இல்லை என்று சொன்னது.


கல்லடிப் பாலத்தடி

வாத்தியார், உங்களுக்குப் பதில் எழுத இருந்தேன். திசைநாயகத்துக்குத் தீர்ப்பு வந்தது அதே 2009 ஆகஸ்ட் 31, இருபது வருடம். மே மாதம் ஒபாமாவே அவர் பெயரைச் சொல்லியிருந்தார். உலகம் கேட்டது, அப்படிக் கேட்டும் இருபது வருடம் கொடுத்தார்கள். மன்னிப்பு அடுத்த வருடம்தான் வந்தது. அந்தக் கிழமை மாமி என் கையைப் பிடித்துக்கொண்டு "நல்லகாலம் மனே நீ கூலி எண்டு சொன்னது" என்றா. ஆகவே இதில் நான் உங்களோடு வாதாடலாம். ஆனால் காக்கா எழுதியதைப் படித்த பிறகு மனம் வரவில்லை.

நேற்றிரவு பெடியனின் ஸ்ரூடியோவுக்குப் போனேன். இப்போது கல்யாண வீடியோ செய்கிறான். ஏறாவூர்க் கல்யாணம் ஒன்றை வெட்டிக்கொண்டிருந்தான். பதினைந்து வருடத்துக்கு மேலாகச் சொல்லாததைச் சொன்னேன்: கூலி என்று சொன்னது உன் அம்மா இல்லை, நான். நேபாளியைத் தனியாக விட்டதும் அதுதான் என்று நினைக்கிறேன்.

அவன் திரையில் ஓடினதை நிறுத்தினான். மணமகள் பாதித் திரும்பின மாதிரி அப்படியே நின்றது. கனநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு மேசையில் கிடந்த பில் புத்தகத்தை என் பக்கம் தள்ளி, "எழுதுங்க அண்ணன்" என்றான். அந்தப் பொடியனின் பெயரை எழுத்தெழுத்தாகச் சொன்னான், தகப்பன் பெயரையும், ஊரையும்.

அன்ரி, நீங்கள் சொன்ன அந்த ஐநா செயற்குழுவுக்கு எழுத முதல், அவன் இப்போதும் உள்ளே இருக்கிறானா என்று யாரிடம் கேட்பது?