பூரட்டாதிக்குப் பக்கத்தில் 51 பெகாசி: பார்த்தவர்கள் சொல்லுங்கள்

அம்மாவுக்குப் பூரட்டாதி. பினாங்கு தண்ணீர்மலைக் கோயிலில் அர்ச்சனைக்குக் கொடுக்கும்போதெல்லாம் அந்த நட்சத்திரத்தைச் சொல்லியே வளர்ந்தவன் நான். ஆனால் வானத்தில் அது எது என்று நாற்பது வயதுவரை எனக்குத் தெரியாது. போன தீபாவளி இரவு, பாலிக் புலாவில் பெரியம்மா வீட்டு வாசலில்தான் முதன்முதலாகப் பார்த்தேன். நிலா இல்லை, பட்டாசுப் புகையும் அடங்கியிருந்தது.

மணி பத்து வாக்கில் உச்சிக்குச் சற்று வடக்கே நான்கு நட்சத்திரங்கள் பெரிய சதுரமாக நின்றன. கட்டில் கால் என்று சொல்வார்களே, அதுதான். மேற்குப் பக்கத்து இரண்டு கால் பூரட்டாதி, கிழக்குப் பக்கத்து இரண்டு உத்திரட்டாதி. பூரட்டாதி இரண்டுக்கும் ஏறக்குறைய நடுவில், சதுரத்துக்குக் கொஞ்சம் வெளியே பைனாகுலரைத் திருப்பினால் ஒரு மங்கலான புள்ளி. அதுதான் 51 பெகாசி. நம் சூரியனைப் போன்ற நட்சத்திரம். வியாழனில் ஏறக்குறைய பாதி நிறையாவது உள்ள ஒரு கோள் அதை 4.2 நாளில் சுற்றிவிடுகிறது. நம் புதனுக்கே 88 நாள் ஆகிறது!

அந்தக் கோளைக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்கவில்லை. கோள் இழுக்க இழுக்க நட்சத்திரமும் லேசாக முன்னும் பின்னும் அசைகிறது. மிஷேல் மேயோர், டிடியே கெலோ என்ற சுவிஸ் வானியலாளர்கள் தெற்கு பிரான்சில் உள்ள தொலைநோக்கியில் அந்த அசைவை ஒளியிலேயே அளந்து 1995இல் அறிவித்தார்கள். நட்சத்திரத்தின் அந்த அசைவின் வேகம் மணிக்குச் சுமார் 200 கிலோமீட்டர். வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் 110இல் போகிறோமே, அதில் இரண்டு மடங்குகூட இல்லை. 50 ஒளியாண்டு தள்ளி இருக்கும் ஒன்றில் இதைப் பிடித்திருக்கிறார்கள் என்று நினைத்தால் எனக்கு இன்றும் மேனி சிலிர்க்கிறது. 2019இல் நோபல் பரிசிலும் இவர்களுக்குப் பங்கு கிடைத்தது.

அம்மாவைச் சாய்வு நாற்காலியில் படுக்கவைத்துப் பைனாகுலரைக் கொடுத்தேன். இப்போது கண்ணில் படுகிற வெளிச்சம் அங்கிருந்து கிளம்பி 50 வருடம் ஆகிறது என்றேன். "அப்ப நான் கெடா தோட்டத்துல பால்மரம் வெட்டிக்கிட்டிருந்தேன்" என்றார். அப்புறம் ரொம்ப நேரம் பைனாகுலரைத் திருப்பித் தரவே இல்லை.

கோலாலம்பூரிலிருந்து ஒருவர்:
1995இல் நான் இயற்பியல் மாணவன். வியாழன் மாதிரியான வாயுக் கோள்கள் சூரியனைவிட்டுத் தூரத்தில், குளிரில்தான் உருவாகும் என்று படித்திருந்த நேரம். இந்தச் செய்தி வந்ததும் விரிவுரையாளர் அன்றைய பாடத்தை விட்டுவிட்டு இதைப் பற்றியே பேசினார். தூரத்தில் பிறந்த கோள் பிறகு உள்ளே நகர்ந்து வந்திருக்கலாம் என்று அன்று கேட்டதை நான் மறக்கவில்லை. இப்போது பலரும் சொல்லும் விளக்கமும் அதுதான். செந்தூலில் என் மாடியிலிருந்து சதுரமே சரியாகத் தெரியாது. ஆனாலும் அந்தத் திசையைப் பார்க்காமல் தூங்கப் போவதில்லை.

பட்டர்வொர்த்திலிருந்து ஒருவர்:
மூன்று நாளாக இங்கே மழை. நேற்று ராத்திரி பத்து நிமிடம் மேகம் விலகியது, பூரட்டாதி இரண்டையும் பார்த்துவிட்டேன் அண்ணா! என்னிடம் பைனாகுலர் இல்லை, துறைமுக விளக்கு வெளிச்சம் வேறு, 51 கிடைக்கவில்லை. அடுத்த அமாவாசைக்குப் பாலிக் புலாவுக்கு வரலாமா? மகளையும் கூட்டி வருகிறேன். அவளுக்கு உத்திரட்டாதி.