மருத்துவ கோடிங்கில் உதவி தேவை: காரிலிருந்து சுட்ட கேஸ், விபத்து கோடா தாக்குதல் கோடா?

கேள்வி: கோவை கோடர்

வணக்கம் நண்பர்களே. அமெரிக்க மருத்துவமனை ஒன்றின் எமர்ஜென்சி சார்ட்டுக்கு ஐசிடி-10-சிஎம் கோட் போடுகிறேன், அதாவது நோய், காயம், அதன் காரணம் ஒவ்வொன்றுக்கும் அங்கே பயன்படும் குறியீடு. நோயாளியின் அடையாளம் எதையும் இங்கே போடவில்லை. டாக்டர் எழுதியதன் சாரம் இதுதான்: தெருவில் நடந்து போனபோது, கடந்து சென்ற காரிலிருந்து யாரோ சுட்டதாக நோயாளி சொல்கிறார். வலது தொடையில் குண்டுக் காயம். தொடை எலும்பின் தண்டுப் பகுதி நொறுங்கி விலகியிருக்கிறது, திறந்த முறிவு. போலீசுக்குத் தெரிவிக்கப்பட்டது. சிடி ஆஞ்சியோவில் (ரத்தக்குழாய் ஸ்கேன்) ரத்தக்குழாய் நார்மல். நர்ஸ் குறிப்பில் மட்டும் '9 எம்எம்' என்று ஒரு வரி.

'தாக்குதல்' என்ற சொல் சார்ட்டில் எங்குமே இல்லை. கோட் புத்தகத்தின் இண்டெக்ஸில் தேடினால் டபிள்யூ34.00-க்குத்தான் கொண்டுபோய் விடுகிறது, அதாவது தற்செயலாக வெடித்த துப்பாக்கி. டீம் லீடும் அதையே போடச் சொல்கிறார். ஒருவரைச் சுட்டுவிட்டுப் போனதை விபத்து என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. எக்ஸ்95.9 (தாக்குதல், துப்பாக்கி வகை தெரியாது) போடலாமா? 9 எம்எம் என்பதால் எக்ஸ்93, கைத்துப்பாக்கி என்று போகலாமா? தொடைக் காயத்துக்கு எஸ்71 (திறந்த காயம்) தனியாகச் சேர்க்க வேண்டுமா?

பதில்: திருச்சி க்யூஏ

தம்பி, கோடிங் தரத்தைச் சரிபார்ப்பது (க்யூஏ) என் வேலை. லீட் சொல்வது ஐசிடி கைடுலைனில் இருக்கும் விதிதான். நோக்கம் தெரியவில்லை, அல்லது எழுதப்படவில்லை என்றால் விபத்து என்று எடுக்கச் சொல்கிறது. ஆனால் காரிலிருந்து ஒருவர் சுட்டார் என்று டாக்டரே எழுதியிருக்கும்போது, நோக்கம் பற்றி ஒன்றுமே இல்லை என்று எப்படிச் சொல்வது? என் கணக்கில் இது எக்ஸ்95.9 பக்கம்தான். ஆனாலும் நீங்களாக முடிவு செய்யாதீர்கள், டாக்டருக்கு குவெரி (விளக்கம் கேட்கும் குறிப்பு) அனுப்புங்கள். 'இது தாக்குதல்தானே?' என்று கேட்டால் அது பதிலை வாயில் ஊட்டும் குவெரி, ஆடிட்டில் நிற்காது. தாக்குதல், விபத்து, தனக்குத்தானே செய்துகொண்டது, தீர்மானிக்க முடியவில்லை, வேறு என்று எல்லாத் தெரிவுகளையும் வையுங்கள். ஒய்24-ஐயும் அவசரப்பட்டுப் போடாதீர்கள். நோக்கத்தைத் தீர்மானிக்க இயலவில்லை என்று டாக்டர் எழுதினால்தான் அது.

'போலீசுக்குத் தெரிவிக்கப்பட்டது' என்பதைச் சான்றாகப் பிடித்துக்கொள்ள வேண்டாம். அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்களில் குண்டுக் காயம் என்றாலே மருத்துவமனை போலீசுக்குச் சொல்லியாக வேண்டும்.

9 எம்எம் என்பது தோட்டாவின் அளவு. அதே தோட்டாவைப் போடும் கார்பைன்களும் (குட்டையான ரைஃபிள்) இருக்கின்றன. கைத்துப்பாக்கி என்று எழுதப்படாதவரை எக்ஸ்93 வேண்டாம். நர்ஸ் குறிப்பிலிருந்து எதையெல்லாம் எடுக்கலாம் என்பதற்கு கைடுலைனில் தனிப் பட்டியலே இருக்கிறது, நடப்பாண்டுப் பதிப்பைத் திறந்து பாருங்கள்.

எஸ்71 வேண்டாம். டேபுலரில் (கோடுகளின் வரிசைப் பட்டியல்) அதன் கீழே எக்ஸ்க்ளூட்ஸ்1 குறிப்பு (இரண்டையும் சேர்த்துப் போடாதே என்பது) இருக்கிறது, திறந்த முறிவு என்றால் எஸ்72-க்குப் போ என்று. உங்கள் கேஸுக்கு எஸ்72.351 (வலது தொடை எலும்புத் தண்டு நொறுங்கி விலகிய முறிவு), ஏழாவது எழுத்து பி, அதாவது திறந்த முறிவுக்கு முதல் கட்டச் சிகிச்சை. கஸ்டிலோ வகை 3 (திறந்த முறிவில் கடுமையான வகை) என்று டாக்டர் எழுதியிருந்தால் மட்டும் சி. அதுதான் முதல் கோட். எக்ஸ்95.9 போன்ற புறக்காரண கோட் (காயம் எப்படி நடந்தது என்பது) ஒருநாளும் முதலில் வராது.

இதில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. பழைய சார்ட்டுகளை மறுபடி படித்துப் பார்த்த அமெரிக்க ஆய்வாளர்கள், சுடப்பட்டு வந்த பலர் விபத்துக் கணக்கில் சேர்ந்திருப்பதைக் கண்டிருக்கிறார்கள். அங்கே வன்முறைத் தடுப்புக்குத் திட்டம் போடுகிறவர்கள் பார்ப்பது இந்த எண்களைத்தான். நாம் இங்கே உட்கார்ந்து போடும் ஒரு எழுத்து அங்கே ஒரு மனிதருக்கு நடந்ததை மறைத்துவிடக் கூடாது.

பதில்: மதுரை கேஷுவால்டி டாக்டர்

கோடிங் எனக்குத் தெரியாது. சிகிச்சைப் பக்கம் சொல்கிறேன், சார்ட் படிக்க உதவும்.

தொடையில் குண்டு என்றால் முதல் பயம் எலும்பைப் பற்றியது அல்ல, ரத்தக்குழாயைப் பற்றியது. ரத்தம் பீய்ச்சி அடித்தால், வீக்கம் கண்முன்னே பெருத்தால், கீழே நாடி கிடைக்காவிட்டால் ஸ்கேனுக்குக் காத்திருக்காமல் நேராக ஆபரேஷன். அப்படி இல்லையென்றால் கணுக்காலிலும் கையிலும் பிரஷர் பார்த்து ஒப்பிடுவோம். விகிதம் 0.9-க்குக் கீழே இருந்தால் சிடி ஆஞ்சியோ. ஸ்கேன் எடுத்தார்கள் என்பதற்காக ரத்தக்குழாய் காயம் என்று கோட் போட்டுவிடாதீர்கள்.

இன்னொன்று, எக்ஸ்ரேயில் உலோகத் துணுக்கு தெரிந்தாலும் எல்லாவற்றையும் எடுக்க மாட்டோம். தசையில் இருப்பதைத் தோண்டினால் சேதம்தான் கூடும். மூட்டுக்குள் இருந்தால் கதை வேறு, அதை எடுத்தாக வேண்டும். ஈயம் கரைந்து மூட்டையும் கெடுக்கும், ரத்தத்திலும் ஏறும்.

பதில்: கோவை கோடர்

டாக்டர் சார், அக்கா, இருவருக்கும் நன்றி. குவெரிக்குப் பதில் வந்துவிட்டது: தாக்குதல், துப்பாக்கி வகை தெரியவில்லை. எஸ்72.351பி, அப்புறம் எக்ஸ்95.9, ஏழாவது எழுத்து ஏ (முதல் கட்டச் சிகிச்சை), இடத்துக்கு ஒய்92.410 (தெரு) என்று போட்டேன். லீடும் ஒப்புக்கொண்டார். இதே நோயாளி ஆர்த்தோ ஃபாலோ-அப் வந்தால்?

பதில்: திருச்சி க்யூஏ

எலும்பு ஒழுங்காகக் கூடிவந்தால் பி போய் இ வரும், எக்ஸ்95.9-க்கு டி (இரண்டுமே தொடர் சிகிச்சைக்கான எழுத்துகள்). ஒய்92 மறுபடி வேண்டாம், அது முதல் முறை மட்டும். உள்ளே விட்ட துணுக்கைப் பற்றி டாக்டர் எழுதியிருந்தால் இசட்18.1 (உடலில் தங்கிய உலோகத் துணுக்கு) பக்கம் ஒரு பார்வை பாருங்கள்.