கரண்ட் வந்தா டொக்கர் முந்துது, நாஸ் பிந்துது

இடம் மட்டக்களப்பு கல்லடி. டெபியன் 12 (லினக்ஸ்) மினி பிசியில டொக்கர் (செயலிகளைத் தனித்தனி கொன்டெய்னர்ல ஓட்டுற மென்பொருள்). படங்கள் நாஸில (நெட்வேர்க் ஸ்டோரேஜ் பெட்டி), என்.எஃப்.எஸ் 4.1 ஷேர் (நெட்வேர்க் வழியா பகிருற போல்டர்). கரண்ட் போய் வந்தா மினி பிசி உடனே எழும்புது, நாஸுக்கு நாலஞ்சு நிமிஷம். அதுக்குள்ள டொக்கர்ல ஓடுற ஜெலிஃபின் (மீடியா சேர்வர்) வெறும் போல்டரைப் பிடிச்சு, லைப்ரரி காலி எண்டு காட்டுது. ஷேர் பிறகு மவுண்ட் ஆனாலும் (மினி பிசியில இணைஞ்சாலும்) கொன்டெய்னரை ரீஸ்டார்ட் பண்ணினாத்தான் தெரியும்.

மேல் போல்டரை ஆர்ஸ்லேவோட (rslave, வெளியில நடக்கிற மவுண்டை கொன்டெய்னருக்குள்ள கடத்துற அமைப்பு) பைண்ட் பண்ணினா, பிந்தி வாற ஷேர் உள்ளுக்குத் தெரியுது. ஆனா முன்னமே ஸ்கேன் ஓடினா பட்டியல் அழியலாம். டொக்கர் சேவைக்கு ரிக்குவயர்ஸ்மவுண்ட்ஸ்ஃபோர் (RequiresMountsFor, மவுண்ட் இருந்தாத்தான் சேவையைத் தொடங்கச் சொல்லுற சிஸ்டம்டி வரி) போட்டா, நாஸ் இல்லாம டொக்கரே எழும்பாது. வீட்டு டி.என்.எஸ் (இணையப் பெயர்களை முகவரியா மாத்துறது) பை-ஹோலும் அதே டொக்கர்லதான், முழு வீட்டுக்கும் இன்டர்நெட் போயிடும். ஜெலிஃபினோட எஸ்கியூலைட் டேட்டாபேஸ் உள் எஸ்எஸ்டியில கிடக்கு; அதை என்.எஃப்.எஸ்ல வச்சா லொக் சிக்கல், அந்த யோசனை வேணாம்.

ஷேர் மவுண்ட் ஆகும்வரை ஜெலிஃபினை மட்டும் காக்க வைக்க, சிஸ்டம்டி (லினக்ஸ்ல சேவைகளைத் தொடங்குறது) யூனிட் ஃபைலை எப்படி எழுதுறது?